97 டிகிரி காட்டும் மடிக்கணினி: ஆபத்து சிப்புக்கா, பேட்டரிக்கா?

கத்திரி வெயில் தொடங்கியதும் வடசென்னையில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பலரிடமிருந்து ஒரே குழப்பம் கேட்கத் தொடங்குகிறது. வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்தால் 95, 97 என்று சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடுகின்றன. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், அங்குள்ள ஏசி அறையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் நார்மல்தான்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து இரவு 9 மணிக்கு மாடி அறையில் திறந்தால் மறுபடியும் அதே இரைச்சல், அதே சூடு, அதே மந்தம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே கருவி இரண்டு அறைகளில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதற்குச் செய்யத் தேவையில்லை என்பது தெளிவாகிவிடும். இன்னொன்றும் தெரியவரும். 97 என்ற எண்ணைக் கண்டு அஞ்சுபவர்கள் பெரும்பாலும் தவறான பாகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். பிராசஸருக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரியும். அதற்கு ஒரு சாண் தொலைவில் படுத்திருக்கும் பேட்டரிக்கு அந்தத் திறமை மிகக் குறைவு.

(பிராசஸருக்குச் ‘செயலி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் உண்டு. ஆனால் கைப்பேசி வந்தபின் ‘ஆப்’ என்பதற்கும் அதே சொல்லை எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டதால், இந்தக் கட்டுரையில் பிராசஸர் என்றே குறிப்பிடப்படுகிறது.)

வெப்பம் எங்கே பிறக்கிறது

மடிக்கணினி இழுக்கும் மின்சாரத்தில் திரையின் ஒளியாகவும் ஒலியாகவும் வெளியேறுகிற சிறு பங்கைத் தவிர மற்றதெல்லாம் நேரடியாக வெப்பமாகவே முடிகிறது. மெல்லிய, சாதாரணப் பயன்பாட்டு மடிக்கணினிகளில் உள்ள பிராசஸர்களுக்குப் பல ஆண்டுகளாக 15 வாட் என்பது வழக்கமான அளவு. கேமிங், வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்கான கருவிகளில் அது 45 வாட். இவை தொடர்ந்து ஓடும்போதுள்ள அளவுகள்தான். ஒரு கனமான கோப்பைத் திறக்கும் சில விநாடிகளுக்குப் பிராசஸர் தன் வேகத்தை ‘டர்போ’ நிலைக்கு உயர்த்தி, இந்த அளவைப் போல் இரு மடங்குக்கும் மேல் மின்சாரம் இழுப்பது உண்டு.

15 வாட், 45 வாட் என்பவை சிறிய எண்களாகத் தெரியலாம். ஆனால் பரப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 5 வாட் வருகிறது. கட்டைவிரல் நகம் அளவேயுள்ள, ஒன்றரை சதுர செ.மீ. பிராசஸர் சிப்பில் 28 வாட் பிறந்தால் ஒரு சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 19 வாட். அதாவது, துணி தேய்க்கும் பெட்டியைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தியில் வெப்பம் பிறக்கிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில விநாடிகளில் சிப் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

அந்த எல்லை எவ்வளவு? இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 100 டிகிரி செல்சியஸ், ஏ.எம்.டி. மடிக்கணினிப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 95, சிலவற்றுக்கு 105. அந்தப் புள்ளியை நெருங்கியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதைத்தான் ‘த்ராட்லிங்’ என்கிறார்கள். வேகம் குறைத்தும் சூடு தணியவில்லை என்றால் கடைசிப் பாதுகாப்பாக மின்சாரத்தையே துண்டித்து, கருவி சட்டென்று அணைந்துவிடும். ஆகவே 97 என்பது சிப் எரிந்துபோகும் அறிகுறி அல்ல. அது எல்லையில் நின்று, கட்டுப்பாட்டுடன் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

அதற்காக அது நல்ல நிலை என்று சொல்லிவிட முடியாது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி கிடைப்பதில்லை, விசிறி ஓயாமல் சுற்றித் தேய்கிறது, சிப்பிலிருந்து கசியும் வெப்பம் பேட்டரி உள்ளிட்ட அண்டைப் பாகங்களுக்குப் போகிறது. மூன்றாவதுதான் முக்கியமானது, அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

வெப்பம் வெளியேறும் பாதை

சிப்பில் பிறந்த வெப்பம் அறைக் காற்றைச் சென்றடைய நான்கு கட்டங்களைக் கடக்க வேண்டும்.

1. வெப்பப் பசை. சிப்பின் மேற்பரப்பும் அதன்மேல் அமரும் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் நகராது. செம்போடு ஒப்பிட்டால் காற்று ஏறத்தாழ 15,000 மடங்கு மோசமான கடத்தி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை. சில ஆண்டுகளில் அது வறண்டு வெடிக்கிறது. மீண்டும் மீண்டும் சூடாகி ஆறுவதால் ஓரங்களுக்குப் பிதுங்கியும் போகிறது.

2. வெப்பக் குழாய். தட்டையான செம்புக் குழாயின் உள்ளே குறைந்த அழுத்தத்தில் மிகச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வருகிறது. இட்லிப் பானையில் ஆவி மூடியைத் தொட்டு நீராகி மறுபடி பானைக்குள் சொட்டுகிறதே, அதே வேலைதான். இங்கே ஒரு விரல் அகலக் குழாய்க்குள் ஓயாமல் நடக்கிறது.

3. தகட்டு அடுக்கு. குழாயின் குளிர்ந்த முனையில் மயிரிழை இடைவெளியில் அடுக்கப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகள். காற்று படும் பரப்பை இவை பல மடங்காக்குகின்றன.

4. விசிறி. அடிப்பக்கத் துளைகளின் வழியே காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் ஊடே வெளியே தள்ளுகிறது.

பழுது எங்கே வரும் என்பதை இந்தப் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். குழாய் அரிதாகவே கெடும். பசை மெல்ல மெல்லக் கெடும். தகட்டு அடுக்கும் விசிறியும் தூசியால் அடைபடுவதுதான் அன்றாடம் நடப்பது.

அறையும் கணக்கில் சேரும்

இந்த நான்கு கட்டங்களையும் சேர்த்து ‘வெப்பத்தடை’ என்று ஒரே எண்ணாகச் சொல்லலாம்: ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, சிப் அறைக் காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாக வேண்டியிருக்கிறது என்பது அதன் பொருள். அப்போது,

பிராசஸரின் வெப்பநிலை = உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலை + (வாட் × வெப்பத்தடை)

பிராசஸர் 25 வாட் இழுக்கிறது, புதிய நிலையில் வெப்பத்தடை 2.2 என்று ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்.

1. ஏசி அறை, 25 டிகிரி: 25 + 55 = 80. எந்தச் சிக்கலும் இல்லை.

2. அதே கருவி, ஷீட் கூரை போட்ட மாடி அறை, 38 டிகிரி: 38 + 55 = 93. விசிறி அலறும், ஆனால் வேகம் குறையாது.

3. தூசி அடைத்து வெப்பத்தடை 2.8 ஆகிவிட்ட கருவி, ஏசி அறை: 25 + 70 = 95. எல்லை 100 என்பதால் சோதனையில் தேறிவிடும்.

4. அதே தூசி அடைத்த கருவி, மாடி அறை: 38 + 70 = 108. இந்த வெப்பநிலையைச் சிப் அனுமதிக்காது. 100-இல் நின்றுகொண்டு, தான் இழுக்கும் மின்சாரத்தை 22 வாட்டாகக் குறைத்துக்கொள்ளும். அதையே மெத்தைமேல் வைத்து அடித்துளைகளையும் மூடினால், தடை 4 வரை போகிறது என்று கொண்டால், கிடைப்பது 15.5 வாட்தான்.

சர்வீஸ் சென்டரின் ‘நார்மல்’ மூன்றாவது கணக்கைச் சேர்ந்தது. வீட்டின் புலம்பல் நான்காவதைச் சேர்ந்தது. எனவே பழுது பார்க்கக் கொடுக்கும்போது ‘சூடாகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த அறையில், எந்த நேரத்தில், எந்த வேலையின்போது என்று சொல்ல வேண்டும். முடிந்தால் சோதனை செய்த அறையின் வெப்பநிலையையும் கேட்டு வாங்க வேண்டும்.

மடிக்கணினியை வடிவமைப்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அறை நம்முடைய அறை அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. அது போன்ற நாள் அபூர்வம்தான் என்றாலும், மே மாதப் பிற்பகல் 35-ஐத் தாண்டுவது சென்னையில் செய்தியே அல்ல. அந்த அளவீடும் நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் எடுக்கப்படுவது. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின்கீழ் ஆளுயரத்துக்குச் சற்று மேலேயே கூரை இருக்கும் அறையில் பிற்பகல் 3 மணிக்கு வெளியே இருப்பதைவிடச் சூடு கூடுதலாகவே இருக்கும். ஷீட்டுக்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு: வெயில் இறங்கினால் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளம் அப்படியல்ல. பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை அது இரவு 9, 10 மணி வரை கீழே விட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரமும் அதுதான்.

மின்விசிறி போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. நம் உடலின் வியர்வையை உலர்த்தி நமக்குக் குளிர்ச்சி தருகிறது. மடிக்கணினிக்கு வியர்க்காது. கூரைத் தளத்தின் அடியில் தேங்கிய சூட்டைக் கீழே இறக்குவதைத்தான் சீலிங் ஃபேன் செய்கிறது. பக்கவாட்டில் வைத்த டேபிள் ஃபேன் வேறு. கருவி வெளியே தள்ளிய சூடான காற்று மறுபடி அடிப்பக்கம் வழியாக உள்ளே போகாமல் அது விரட்டிவிடுகிறது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. வழக்கமான கோடை நாளில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தொடங்குகிறது; காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் முதலில் பெறும், பெரம்பூர், கொடுங்கையூர் சற்றுப் பின்னால். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் நாள்களில் இது தாமதமாகும்; அன்று வெயில் கொளுத்தும். வீடியோ எடிட்டிங், புராஜெக்ட் ரெண்டரிங் போன்ற கனமான வேலைகளை விடியற்காலை 5 முதல் 8 மணிக்குள் முடித்துக்கொள்வது, கருவிக்கு அடியில் வைக்கும் விசிறித் தட்டான எந்தக் கூலிங் பேடையும்விட அதிகப் பலன் தரும்: 38 டிகிரி அறைக்குப் பதில் 29 டிகிரி அறையில் வேலை நடந்தால் சிப்பின் வெப்பநிலையும் அப்படியே 9 டிகிரி குறையும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

தூசி எல்லா இடத்திலும் ஒன்றல்ல

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் பில் போடும் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், அடிமூடியைக் கழற்றியதும் பெரிதாக ஒன்றும் தென்படாது. விசிறி இறக்கைகளின் ஓரத்தில் லேசான சாம்பல் படிவு, அவ்வளவுதான். விசிறியின் சிறு திருகாணிகளை எடுத்து அதைத் தூக்கினால்தான், விசிறிக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல் ஒன்று நிற்பது தெரியும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பிய்யாமல் முழுதாக உரிந்து வரும். உற்றுப் பார்த்தால் அதில் நீலம், சிவப்பு, ஜரிகை மினுக்கம் என்று கடையில் விரித்து மடிக்கப்பட்ட புடவைகளின் இழைகள் எல்லாம் இருக்கும். காற்று வெளியேற வேண்டிய வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கியது போலத்தான். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை; அந்தத் திரையை நோக்கித்தான் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரே அறையில் சமையலும் படிப்பும் நடக்கிற வீடுகளில் இது வேறு விதம். தாளிக்கும் புகையிலுள்ள எண்ணெய் தகடுகளில் படிந்து பிசுபிசுப்பாகிறது. அதன்மேல் விழும் தூசி ஊதினால் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் துறைமுகங்களில் இறங்கும் நிலக்கரியின் தூளும் சேர்கின்றன. மணலி சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதி தனி. இந்தப் பொடிகள் பஞ்சு போல் திரையாகத் திரள்வதில்லை. மெல்லிய பூச்சாகப் படிந்து விசிறியின் அச்சுக்குள் நுழைகின்றன. ‘கரகர’ என்ற சத்தம் வந்தால் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

கடற்காற்றுக்கும் ஒரு விலை உண்டு. அது சுமந்து வரும் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டில் படிந்தால் நாளடைவில் இணைப்புகளில் பச்சை பூக்கும். சன்னலைத் திறந்து வைக்கலாம், ஆனால் மேசையைச் சன்னலுக்கு நேர் எதிரே போடாமல் ஒதுக்கிப் போடுவது நல்லது. வேலை இல்லாத நேரத்தில் ஒரு துணி மூடி வைத்தால் போதும். கருவி அணைந்திருக்கும்போது மட்டும்.

எது கெட்டிருக்கிறது என்று அறிவது

கருவியைத் திறக்காமலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெப்பக்காற்று வெளியேறும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதே முதல் சோதனை.

1. விசிறி சத்தமாகச் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரும் காற்று பலவீனமாக இருக்கிறது: தகட்டு அடுக்கு அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் தீரும்.

2. காற்று பலமாக வருகிறது, ஆனால் அதில் அவ்வளவு சூடில்லை; மென்பொருளோ 95-க்கு மேல் காட்டுகிறது: வெப்பம் சிப்பிலிருந்து தகடுவரை வந்து சேரவில்லை. பசை வறண்டிருக்கும், அரிதாக, வெப்பக் குழாய் கெட்டிருக்கும்.

3. காற்று பலமாகவும் நன்கு சூடாகவும் வருகிறது: குளிரூட்டும் பாதை ஒழுங்காக இருக்கிறது. வேலை கனமானது அல்லது அறை சூடானது. இதற்காகக் கருவியைப் பிரிப்பது வீண்செலவு.

4. சத்தமே இல்லை, காற்றும் இல்லை: விசிறி நின்றுவிட்டது. அதை மாற்றும்வரை கருவியைப் பயன்படுத்தக் கூடாது.

5. எந்த வேலையும் நடக்காதபோதே சூடு: பின்னணியில் ஏதோ ஓடுகிறது. திருகாணி முடுக்கியைத் தேட வேண்டாம், டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும்.

மென்பொருளால் குறைக்கக்கூடிய சூடு

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘சி.பி.யு.’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் உழைக்க வைக்கும் நிரல் மேலே வரும். பெரிய அப்டேட் ஒன்று நடந்த மறுநாள் வரை கோப்புகளை வரிசைப்படுத்தும் வேலையும் வைரஸ் சோதனையும் பின்னணியில் நடப்பது இயல்பு, பொறுத்திருந்தால் நின்றுவிடும். பல நாள்களாகத் தொடர்ந்து, பெயர் தெரியாத நிரல் ஒன்று பாதிக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் அது இலவசமாக இறக்கிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து, உங்கள் கருவியின் உழைப்பில் வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் ஈட்டித் தரும் நிரலாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பலன் தருவது டர்போவை அடக்குவது. பிராசஸர் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தைப் பொறுத்து நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தும் மாறுகிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசிச் சில படிகளுக்கு விலை மிக அதிகம். வேகத்தை 20 சதவீதம் குறைத்து, அதனால் மின்னழுத்தம் 15 சதவீதம் குறைகிறது என்று கொண்டால், 0.8-ஐ 0.85-இன் இருமடியால் பெருக்க 0.58 வருகிறது: ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கு வெப்பத்தைத் தவிர்க்கிறோம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினாலே பல கருவிகளில் டர்போ நின்றுவிடும். சில புதிய கருவிகளில் இந்த வரி தெரியாது. அங்கே பவர் மோடைச் சிக்கன நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வேர்டு, எக்செல், ஆன்லைன் வகுப்பு, பில் போடுவது ஆகியவற்றில் இந்த வேகக் குறைவை யாரும் உணரப்போவதில்லை.

இன்னொரு சூடு, திரையை மூடிப் பைக்குள் வைத்த பிறகு வருவது. இப்போதைய மடிக்கணினிகள் பலவும் ‘ஸ்லீப்’ நிலையில் கைப்பேசியைப் போல அரைத்தூக்கத்தில்தான் இருக்கின்றன. இணையத்தில் எதையோ இறக்க விழித்துக்கொண்டால், காற்றே இல்லாத பைக்குள் கருவி கொதிக்கத் தொடங்கும். வள்ளலார் நகரில் பேருந்து ஏறித் தரமணிக்குப் போய் இறங்குவதற்குள் பேட்டரி பாதி தீர்ந்து பை சூடேறியிருந்தால் காரணம் இதுதான். பைக்குள் வைப்பதற்கு முன் ஷட்டவுன் செய்ய வேண்டும், அல்லது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும் ‘ஹைபர்னேட்’ நிலையில் வைக்க வேண்டும்.

திறந்து சுத்தம் செய்வதானால்

வாரன்டி காலம் முடியவில்லை என்றால் கம்பெனி சர்வீஸிடமே விடுவது உத்தமம். முடிந்திருந்தால், ஆண்டுக்கொரு முறை தூசி எடுப்பதும், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அல்லது மேலே சொன்ன இரண்டாவது அறிகுறி தெரியும்போது, பசை மாற்றுவதும் வடசென்னைச் சூழலுக்குப் பொருந்தும். துணிக்கடை, மாவு மில், தச்சுப் பட்டறை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து பிரிப்பது. ஊதும்போது விசிறி இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டில்லாமல் அதிவேகத்தில் சுற்றவிட்டால் அச்சு தேய்ந்துவிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கொண்டுபோய் ஊதும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் தாங்காது. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, புதியதைச் சிப் முழுவதும் மெல்லிய படலமாகப் பரவும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் கூடுதலாகக் குளிரும் என்பது தவறான கணக்கு. பசை இடைவெளியை நிரப்பத்தானே தவிர, அதுவே செம்பு அல்ல. தகட்டின்மேல் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். அந்த வரிசையில் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். சில கேமிங் மாடல்களில் பசைக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது சிந்தினால் போர்டில் ஷார்ட் ஆகும், அலுமினியத்தை அரிக்கும். அதில் பழகாத கைகள் அதைத் தொடவே கூடாது.

திறக்கத் துணியாதவர்கள் பின்பக்கத்தை மட்டும் இரண்டு சோடா மூடி உயரத்துக்குத் தூக்கி வைக்கலாம். அடியில் காற்று இழுக்கும் கருவிகளில் இது கூலிங் பேடுக்குச் சற்றும் குறையாத பலனைத் தரும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, மடி ஆகியவை கூடாது. பெயரே மடிக்கணினி என்றாலும் மடியில் நெடுநேரம் வைக்க வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. தினமும் பல மணி நேரம் அந்தச் சூடு பட்டால் தொடையில் வலைப்பின்னல் போல் கருஞ்சிவப்புத் தழும்பு விழுவதுண்டு.

ஃபிரிட்ஜில் வைப்பது, ஐஸ் பையின்மேல் வைப்பது ஆகிய யோசனைகளை அடியோடு விட்டுவிட வேண்டும். சென்னைக் கோடையின் புழுக்கத்தில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின்மீதும் காற்றிலுள்ள ஈரம் துளிர்த்துவிடும். மோர் டம்ளருக்கு வெளியே நீர் கோத்து நிற்பது போல, மதர்போர்டின்மேலும் நிற்கும்.

பேட்டரி: உண்மையான கவலை

லித்தியம் அயான் செல்களைச் சார்ஜ் செய்வதற்கான வெப்பநிலை வரம்பு பொதுவாக 0 முதல் 45 டிகிரி. பயன்படுத்துவதற்கு 60 வரை. சிப்பின் 100-உடன் ஒப்பிட்டால் இது எவ்வளவு தாழ்வான எல்லை என்பது தெரியும். 38 டிகிரி அறையில், பக்கத்தில் 97 டிகிரி சிப்பும் மேலே மூடிய பிளாஸ்டிக் உடலும் இருக்கையில் 45 டிகிரி வெகு தொலைவில் இல்லை. அளவுக்கு மீறிச் சூடானால் சார்ஜை நிறுத்தும் சுற்று பேட்டரியிலேயே உண்டு. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே மாதக்கணக்கில் வெந்துகொண்டிருப்பதை அது தடுக்காது. செல்லுக்குள் நடக்கும் சிதைவு வினைகள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரு மடங்காகின்றன என்பது வேதியியலில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. முழுச் சார்ஜில் நிற்கும் செல்லில் இந்தச் சிதைவு இன்னும் வேகம் பெறும்.

சூடான அறை, எப்போதும் 100 சதவீதம், எப்போதும் செருகிய சார்ஜர்: இந்த மூன்றும் சேர்வதுதான் மிக மோசமான சேர்க்கை. கடைகளின் பில் கவுண்டரில் இருக்கும் மடிக்கணினி ஒவ்வொன்றும் இப்படித்தான் வாழ்கிறது. மின்தடை நேரத்தில் கைகொடுக்கும் என்று வைத்திருக்கும் பேட்டரி, அந்த நேரத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்காமல் போவதற்கும் இதுவே காரணம். இன்று விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளிலோ, கருவி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பகுதியான பயாஸிலோ அதைத் தேடி இயக்கிவிட வேண்டும். கோடையில் செய்யக்கூடிய ஆகப் பெரிய உபகாரம் அதுதான்.

பேட்டரி கெட்டுப்போனதற்கான அடையாளங்கள் கையிலேயே தெரியும். டச்பேட் சொடுக்க முடியாமல் கெட்டியாகிறது அல்லது ஒரு பக்கம் மேலெழும்புகிறது. சமதளமான மேசையில் வைத்தால் கருவி ஆடுகிறது. அடிமூடியின் ஓரத்தில் ஒரு நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறது. உள்ளே வாயு சேர்ந்து செல்கள் உப்பிவிட்டன. இந்த நிலையில் செய்ய வேண்டியவை:

1. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கருவியை அணைக்க வேண்டும். ‘இன்னும் ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்’ என்பதற்கு இடமில்லை.

2. அழுத்தி மூடவோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவோ கூடாது. உள்ளிருக்கும் திரவம் எரியக்கூடியது.

3. பழகியவரிடம் கொடுத்துப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் மாற்றுப் பேட்டரி வாங்குவதானால் மாடல் எண்ணோடு, பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைப்பதில் பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

4. புகை வரத் தொடங்கிவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, ஆள்கள் வெளியேறி, தூரத்திலிருந்து நிறைய நீர் ஊற்ற வேண்டும். இந்த வகைத் தீயில் நீர் செல்களைக் குளிர்வித்து, அடுத்த செல்லுக்குப் பரவாமல் தடுக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

கழற்றிய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பை, 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள்மீதே சுமத்தியிருக்கின்றன. ஆகவே புதியது வாங்கும் இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்ளக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. அதுவரை அதன் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்திருக்கலாம். வீட்டுக் குப்பையோடு மட்டும் போடக் கூடாது: குப்பை லாரியின் அழுத்தும் தகட்டுக்கு அடியில் சிக்கினால் லாரியிலேயே பற்றிக்கொள்ளும், அங்கே தப்பினாலும் போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு, அந்த மேடு தீப்பிடித்தால் புகை வருவது நம் வீட்டுச் சன்னலுக்குத்தான்.